மாஸ்டர் தூங்கக் கூடாது

போன வாரம் மாஸ்டரை ஆஸ்பத்திரியில், முதுகுப் பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியோடு உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். வயிறு நிறையப் பிள்ளை. அதைத் தவிர வயிற்றில் வேறெதுவும் கிடையாது. ஒரு வாய் தண்ணீர் கேட்டதற்கு, நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டுப் போனாள் வார்டு நர்ஸ்.

இந்தப் பக்கத்தை இன்றுதான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் என்றால் மீசை வைத்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண். மாணவர்கள் அப்படிக் கூப்பிட, தெரு அதைப் பிடித்துக்கொள்ள, கடைசியில் கட்டிய கணவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பயிற்சிக் காரில் மாணவருக்குப் பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்கில் அதன் மேலேயே வைத்துப் பழகிய வலது கால், பஸ்ஸில் ஏறினாலும் பிரேக்கைத் தேடும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைப்பார்.

அவளுக்கு ஏற்கெனவே ஆறு வயதில் ஒரு மகள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பல் தேய் என்றால் எதற்கு என்று கேட்கிற ரகம். இன்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இந்நேரம் அவர்கள் தலையைத் தின்றுகொண்டிருப்பாள்.

வக்கீல் பிறந்தது அவசர ஆபரேஷனில். பிரசவ வலியின் பாதியில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிப்போக, மாஸ்டரை முழு மயக்கத்தில் ஆழ்த்தி வெளியே எடுத்தார்கள். அவள் கண் விழித்தபோது பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி, தலைகூட வாரிவிட்டிருந்தார்கள். தன் வீட்டு விசேஷத்துக்குத் தானே கடைசியாக வந்து சேர்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

முதல் அழுகையை அவள் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற கணவன் கேட்டிருக்கிறான். அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வக்கீல் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே பயந்துபோய் நின்றுவிட்டதாகவும், உள்ளே மாட்டிய ஆட்களைத் தான்தான் இறக்கிவிட்டதாகவும் அவன் கதை சொல்லுவான். வக்கீல் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவாள். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட்டுக்குள் ஆள் கூடிக்கொண்டே போகும்.

மாஸ்டரும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய் ஏதாவது ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். பொறாமைதான், வேறென்ன? தான் பெற்ற பிள்ளையின் முதல் சத்தம் ஊருக்கெல்லாம் கேட்டிருக்கிறது, பெற்றவளுக்கு மட்டும் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அந்த முள் உள்ளே கிடந்து உறுத்துகிறது.

அதனால் இந்தத் தடவை சிசேரியன் என்று முடிவானதுமே, பார்த்த டாக்டரிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். தான் தூங்கக் கூடாது. முதுகில் ஒரு ஊசி போட்டால் நெஞ்சுக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும், விழித்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். போடுங்கள் என்றுவிட்டாள்.

ஒரே ஒரு சங்கடம், நாத்தனார். கணவனின் அக்கா, இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மாஸ்டரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் டெஸ்ட் அன்றைக்கு, பின் சீட்டில் அதிகாரி உட்கார்ந்திருக்க, மாஸ்டரின் கால் பிரேக்கை அமுக்கிவிட்டது. சொல்லிக்கொடுப்பவர் பிரேக்கைத் தொட்டால் ஓட்டியவர் ஃபெயில். அதற்கு மேல் பேச்சே கிடையாது. நாய் குறுக்கே வந்தது என்றாள் மாஸ்டர். நாய் எங்கேயோ இருந்தது, உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்றார் நாத்தனார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே பேச்சு என்பது "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்ற அளவோடு நின்றுபோனது.

நாத்தனாருக்கு இன்று வேறு தியேட்டரில் வேலையாக இருக்க வேண்டும் என்று மாஸ்டர் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். நம் மாஸ்டர் வேண்டியது எப்போது நடந்திருக்கிறது?

கதவு திறந்ததும் முதலில் குளிர் முகத்தில் வந்து மோதியது. அறைக்குள் நல்ல வெளிச்சம். மூலையில் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. எல்லாரும் தொப்பியும் முகமூடியுமாக இருந்ததில் ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆனால் மேஜையருகே மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கண்ணை மாஸ்டருக்குத் தெரிந்துபோனது. டெஸ்ட் அன்றைக்குக் காரை விட்டு இறங்கி அவளைப் பார்த்த அதே கண்.

கணவனை வெளியே உடை மாற்ற அனுப்பியிருந்தார்கள். ஊசி போட்டு முடிந்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம்.

மயக்க டாக்டர் பொறுமைசாலி. சொல்லாமல் எதையும் செய்யமாட்டார். மேஜை ஓரமாக உட்காரச் சொன்னார். காலுக்கு ஒரு ஸ்டூல், கட்டிக்கொள்ள ஒரு தலையணை. மோவாயை நெஞ்சில் வைத்து, தோளைத் தளரவிட்டு, இடுப்பை என்னை நோக்கித் தள்ளுங்கள், முதுகு நன்றாக வளைந்தால்தான் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே எனக்கு வழி கிடைக்கும் என்றார். நிறைமாத வயிற்றை வைத்துக்கொண்டு குனிவது என்றால் சும்மாவா? மாஸ்டர் முடிந்தவரை குனிந்தாள். முன்னால் நின்று அவள் தோளைப் பிடித்தவர் நாத்தனார்.

முதுகில் ஜில்லென்று மருந்தைத் தடவினார்கள். குளிர் முதுகெலும்பு வழியாக வழிந்து இறங்கியது. அப்புறம் ஒரு சுருக். தோலை மரத்துப்போக வைக்கிற ஊசி அது. எறும்புக் கடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இவ்வளவுதானா என்று மாஸ்டருக்குத் தெம்பு வந்தது.

அடுத்து வந்தது வலி இல்லை. கட்டைவிரலை வைத்து யாரோ உள்ளே உள்ளே அமுக்குகிற மாதிரி ஓர் அழுத்தம். அது தொடங்கியதும் வலது கால் ஸ்டூலை ஓங்கி மிதித்தது. முதுகு விறைப்பாக நிமிர்ந்துகொண்டது.

எலும்பில் இடிக்கிறது, இன்னொரு தடவை வளையுங்கள் என்றார் டாக்டர். வளைந்தாள். இந்தத் தடவை இடது தொடையில் சுரீரென்று மின்சாரம் மாதிரி ஒன்று ஓடி மறைந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டு, சொன்னதும் ஊசியைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி அழுத்தம், மறுபடி கால் மிதித்தது, மறுபடி முதுகு நிமிர்ந்தது.

டாக்டர் கையை எடுத்துவிட்டார். குரலில் எரிச்சல் இல்லை. "இன்னும் ஒரு தடவை பாக்கலாம்மா. அதுவும் சரியா வரலேன்னா, என்ன பண்றதுன்னு யோசிப்போம்."

யோசிப்போம் என்றால் என்னவென்று மாஸ்டருக்குத் தெரியாதா? முகத்தில் ஒரு மூடியை வைத்து, ஒன்று இரண்டு எண்ணச் சொல்வார்கள். எழுந்து பார்த்தால் தலை வாரிய பிள்ளை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பயந்து அழுகிறாள் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். பயமில்லை, ஆற்றாமை. தன் உடம்பே தனக்கு எதிராக வேலை பார்க்கிறது, அதை நிறுத்தவும் தெரியவில்லை.

தோளைப் பிடித்திருந்த கை சட்டென்று விலகியது.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றார் நாத்தனார். "இவ பிரேக் போடறா."

டாக்டருக்குப் புரியவில்லை. நாத்தனார் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. குனிந்து, அவள் காலடியிலிருந்த ஸ்டூலை இழுத்து ஓரமாகத் தள்ளினார். கால் தொங்கினால் பிடிமானம் இருக்காதே என்று டாக்டர் தயங்கினார். பிடிமானத்துக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லி, நெருங்கி வந்து மாஸ்டரின் நெற்றியைத் தன் தோளில் சாய்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"வண்டி இப்ப என் கையில. நீ சும்மா உக்காரு போதும்."

டெஸ்டுக்குப் பிறகு நாத்தனார் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் அந்தத் தோளில் முழு பாரத்தையும் போட்டாள். நாத்தனாரிடம் சோப்பு வாசனை அடித்தது. அழுத்தம் வந்தது. வலது கால் பழக்கதோஷத்தில் மிதித்தது. மிதிக்க ஒன்றும் அகப்படாமல் காற்றில் ஆடிவிட்டு ஓய்ந்தது. முதுகு வளைந்தபடியே இருந்தது.

"வந்தாச்சு" என்றார் டாக்டர்.

யாரோ வெந்நீர்ப் பையின் மேல் உட்கார வைத்த மாதிரி, உட்கார்ந்த இடத்தில் கதகதப்பு பரவியது. அது தொடைக்கு இறங்கி, முழங்காலைக் கடந்து, பாதத்தில் குறுகுறுவென்று ஊர்ந்தது. ரொம்ப நேரம் சம்மணமிட்டு எழுந்தால் வருமே, அந்தக் குறுகுறுப்பு. சீக்கிரமே மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் சற்று உயர்த்தினார்கள்.

காலைத் தூக்குங்கள் என்றார் டாக்டர். தூக்கு என்று மாஸ்டர் காலுக்குச் சொல்லிப் பார்த்தாள். அது கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவளுக்குக் கால் இன்னும் மேஜை ஓரத்தில் மடங்கித் தொங்குவதாகவே தோன்றியது. தலையைத் தூக்கிப் பார்த்தால் இரண்டும் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. யாருடைய காலோ போலிருந்தது.

எதுவரை மரத்திருக்கிறது என்று பார்க்க, டாக்டர் ஒரு குளிர் ஸ்பிரேயை எடுத்து முதலில் அவள் கையில் அடித்தார். பனிக்கட்டி. தொடையில் அடித்தார். ஈரம் பட்டது மாதிரி இருந்தது, குளிரவில்லை. வயிற்றின் இடது பக்கம், அங்கேயும் இல்லை. வலது பக்கம் அடித்தபோது, ஓர் இடத்தில் மட்டும் ஜில்லென்றது.

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஊசி பிடிக்கவில்லை என்பார்கள், தூங்க வைத்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டால்? ஒரு சின்ன இடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் போயிற்று. இப்படி ஒரு கணக்கு அவள் தலைக்குள் ஓடியது. ஓடியது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

நாத்தனார் அவள் காதருகே குனிந்தார். "இருக்கறத இருக்கற மாதிரி சொல்லு. உன்னைத் தூங்க விடாம பாத்துக்கறது என் பொறுப்பு."

"அந்த இடம் இன்னும் குளிருது டாக்டர்" என்றாள் மாஸ்டர்.

சொன்னது நல்லதாயிற்று என்றார் டாக்டர். மேஜையை வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, மருந்து ஏறட்டும் என்று ரேடியோப் பாட்டு முடியும்வரை காத்திருந்தார். மறுபடி அடித்தபோது அங்கேயும் குளிரில்லை. மாஸ்டருக்கு உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிரை உடம்பு சும்மா விட்டதா? அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் கிளம்பியது. விளக்குகள் தூரப் போவதுபோல் இருந்தது. வாந்தி வருகிறது என்று முனகினாள். ரத்த அழுத்தம் இறங்குகிறது, இந்த ஊசியில் சகஜம்தான் என்று டாக்டர் குழாயில் ஏதோ மருந்தைச் செலுத்த, வந்த வேகத்தில் குமட்டல் போய்விட்டது. அப்புறம் நெஞ்சு கனத்தது. மூச்சு விடுகிறோமா இல்லையா என்றே தெரியவில்லை.

"மூச்சு விட முடியல அண்ணி."

"பேசறியே, மூச்சு இல்லாமலா பேச முடியும்? விலா மரத்துப்போச்சு, அதான் தெரியல. பேசிக்கிட்டே இரு."

என்ன பேசுவது? மாஸ்டருக்குத் தோன்றியது ஒன்றுதான்.

"அந்த நாய் தூரத்துலதான் இருந்துச்சு அண்ணி."

நாத்தனார் கலைந்திருந்த மாஸ்டரின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்னு தெரியும்" என்றார். முகமூடிக்கு மேலே கண் சுருங்கியது. சிரிக்கிறார் என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கணவன் வந்து சேர்ந்தான். தொப்பி புருவத்தை மறைத்திருந்தது. அங்கியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு, லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி திருதிருவென்று விழித்தான். ஓரமாகக் கிடந்த ஸ்டூலை நாத்தனார் தலைமாட்டில் எடுத்துப் போட, அதில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை அவளுடையதைவிடச் சில்லிட்டிருந்தது.

நெஞ்சுக்கு மேலே ஒரு நீலத் துணித் திரை எழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்கள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று மாஸ்டர் கேட்டாள். ஆரம்பித்து நேரமாகிவிட்டது என்றார் நாத்தனார்.

அதன் பிறகுதான் கவனித்தாள். வலி துளிக்கூட இல்லை. ஆனால் ஒன்றுமே தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு சட்டையைத் தேடி யாரோ மேலே உள்ளதையெல்லாம் புரட்டுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெட்டியே தான்தான் என்பதுதான் விநோதம். இழுத்தார்கள், தள்ளினார்கள், அவள் உடம்பு மேஜையில் முன்னும் பின்னும் ஆடியது. தோள் நடுங்கியது, பல் கிட்டியது. நடுக்கமும் மருந்தின் வேலைதான் என்று டாக்டர் சொல்லி, ஒரு சூடான போர்வையைத் தோளில் போர்த்தச் செய்தார். இப்போது மேல் வயிற்றில் பலமாக அமுக்குவார்கள் என்றும் முன்கூட்டியே சொன்னார்.

அமுக்கினார்கள். ஒரு கனம் அவளைவிட்டுக் கழன்று போனது தெரிந்தது.

அறை ஒரு கணம் அமைதியானது. மாஸ்டர் மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள்.

முதலில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அடுத்து, அழுகை. மெல்லிசாக, கோபமாக, யாரையோ கேள்வி கேட்கிற தொனியில் ஓர் அழுகை.

கேட்டாள். ஆறு வருஷம் காத்திருந்தவள் முதல் சொட்டிலிருந்து கேட்டாள். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை, அழுகையில் ஒரு துளி தவறிவிடுமோ என்று பயம்.

பெண் குழந்தை என்றார்கள். திரைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். சிவப்பாக, நனைந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தது. துடைத்து எடை பார்க்க அந்தப் பக்க மேஜைக்கு எடுத்துப்போனபோது கணவனையும் கூடவே கூப்பிட்டார்கள். அவன் கால் தடுக்கத் தடுக்கப் போனான்.

தலைமாட்டில் நாத்தனார் மட்டும் நின்றார். அவருடைய முகமூடி நனைந்திருந்ததை மாஸ்டர் பார்த்தாள். ஆயிரம் பிரசவம் பார்த்தவர், எதற்கும் அசையாதவர்.

"என்ன அண்ணி?"

"உடனே அழுதுட்டா" என்றார் நாத்தனார். "அதான்."

"உடனேன்னா?"

நாத்தனார் அந்தப் பக்க மேஜையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரியவ அழல. அன்னிக்கும் நான் இங்கதான் நின்னேன். ரொம்ப நேரம் அழவே இல்ல. வெளிய போய் அவன்கிட்ட அதச் சொன்னதும் நான்தான்."

மாஸ்டர் மேலே எரியும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட், அதற்குள் மாட்டிக்கொண்ட ஆட்கள், வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போன கூட்டம், எல்லாம் அவளுக்குள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஆறு வருஷமாகத் தான் பொறாமைப்பட்டது நடக்காத ஒன்றின் மேல். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கதவுக்கு வெளியே ஒன்றும் கேட்காமல் நின்றவனை நினைத்துத்தான் நெஞ்சு வலித்தது.

"நீ நல்லா தூங்கிட்டிருந்த. அப்படியே இருக்கட்டும்னு நெனச்சோம்" என்ற நாத்தனார், தயங்கித் தயங்கித் தொடர்ந்தார். "அன்னிக்கு குழந்தை டாக்டர் அவன்கிட்ட இன்னொண்ணும் சொன்னாங்க..."

அந்த இன்னொன்றை அவர் சொல்வதற்குள் கணவன் வந்துவிட்டான்; அதற்கு அடுத்த வாரம்வரை நாம் பொறுக்க வேண்டியதுதான். கையில் துணிச்சுருள், முகமெல்லாம் பல். குனிந்து, பிள்ளையின் கன்னத்தை மாஸ்டரின் கன்னத்தோடு வைத்தான். சூடாக, ஈரமாக, நம்ப முடியாத மென்மையாக இருந்தது. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லாதவளுக்கு அந்த உள்ளங்கையளவு கன்னத்தில்தான் மொத்த உடம்பும் இருந்தது.

"அப்படியே அவ அக்காதான்" என்றான் அவன். "அவளும் இப்படித்தான், வந்ததும் வராததுமா ஊரக் கூட்டினா."

மாஸ்டர் அவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம்தான்.

"அவ அழுத கதையச் சொல்லுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான். முழிச்சிட்டிருக்கேன்ல, சொல்லுங்க."

அவன் சிரித்தான். பிள்ளையை வாகாகப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக ஆரம்பிக்கிற இடத்திலேயே ஆரம்பித்தான். "நான் கதவுக்கு வெளிய நின்னுட்டிருந்தேனா..."

தற்செயலாக நிமிர்ந்தவன் அக்காவைப் பார்த்தான். டிரிப்ஸைக் கவனிக்க வேண்டிய அக்கா, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பார்வை அங்கிருந்து இறங்கி மனைவியின் முகத்துக்கு வந்தது. பிள்ளையை ஏந்தியிருந்த அவன் கையை அவள் பற்றிக்கொண்டாள்.

அதற்கு மேல் கதை நகரவில்லை. சின்னவள் மட்டும் விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.